மகளிர் ஊடகமும் அதன் உடைமையும்

(நெல்லிக்குப்பத்தில், கல்விக் கழக வெள்ளி விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



"பெண் கல்வியின் தேவை" என்னும் தலைப்பில் பேசுமாறே என்னை முதலில் பணித்திருந்தனர். அத்தலைப்பில் இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழக மேடையிலே பலரும் பேசிவிட்டனர், நானும் பேசியிருக்கிறேன். இன்று கழகத்தில் பயின்று பட்டம் பெற்ற தங்கையர் சிலர் வேறொரு வினாவை எழுப்பியிருக்கின்றனர். பெண்களுக்கென்றே செய்தி வெளியிடுவதும், பெண்களுக்கென்றே விழாக்களும் கூட்டங்களும் நடத்துவதுமாக ஒரு நிறுவனத்தைத் தாங்களே தொடங்க இயலுமா என்பதே அவ்வினா. அவர்தம் வீட்டார் அரசுத் தேர்வுக்குப் படிக்கச் சொல்கின்றனர். அவ்வாறு சொல்வதில் பிழையில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் மாத ஊதியம் பெறத் தொடங்கியதும் அவ்வீடு எவ்வாறு நிமிர்ந்தது என்பதை இவ்வரங்கில் அமர்ந்திருப்போர் கண்டவர்கள். ஆயினும் அவ்வினா தள்ளிவிடத்தக்கதன்று. அவைத் தலைவரின் இசைவு பெற்று இன்றைய உரையை அதற்கே ஒதுக்குகிறேன்.

நம் மாவட்டத்திலே சிதம்பரத்தில் 1916-ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் கண்டார். எழுத்து மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்து வந்தது. எழுதக் கற்றவர் எழுதியதை ஊர் அறிய வேண்டுமானால், அதனை வெளியிடும் கருவி அவர் கையில் இருத்தல் வேண்டும். இவ்வுண்மையை நம் முன்னோர் நமக்கு முன்பே கண்டுகொண்டனர். 1893-ஆம் ஆண்டு அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசனார் "பறையன்" என்னும் பெயராலேயே இதழ் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழித்தார்களோ அந்தப் பெயரையே முகப்பில் அச்சிட்டார். 1907 சூன் 19-ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் "ஒரு பைசாத் தமிழன்" வார இதழைத் தொடங்கினார். விலை ஒரு பைசா. கூலி வேலை செய்பவனும் வாங்கத்தக்க விலை எதுவோ அதையே இதழுக்குப் பெயராகவும் வைத்தார். ஊடகம் என்பது நமக்கு நேற்று முளைத்த ஆசையன்று என்பதற்காகவே இவற்றைச் சொன்னேன்.

பெண்களுக்கான இதழ் என்று எடுத்துக்கொண்டால் தமிழில் தவிர்க்க இயலாத பெயர் வை.மு. கோதைநாயகி அம்மாள். பள்ளி சென்று கற்றவர் அல்லர்; ஆறு வயது நிறையுமுன்பே மணம் முடிக்கப்பட்டவர். அவர் 1925-இல் "ஜகன்மோகினி" இதழைத் தம் பொறுப்பில் ஏற்று நெடுங்காலம் நடத்தினார். நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதினார், மேடையேறிப் பேசினார், பாடினார். தாமே எழுதி, தாமே வெளியிட்டு, வாசகியரைத் தாமே சேர்த்துக்கொண்ட அம்முயற்சியை இன்றைய சொல்லில் ஊடக நிறுவனம் என்றுதான் கூற வேண்டும். அவருடைய குலமும் சூழலும் வேறு. நம் தாய்மார் எதிர்கொண்ட தடைகளுள் பல அவருக்கு இருந்திருக்க மாட்டா. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இதழின் உடைமை அவர் கையில் இருந்தது. எதை எழுதுவது, எதை விடுவது என்பதை அவர் வேறொருவரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெண்களுக்கான இதழ்களும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் பின்னர்ப் பெருகின. அவை நடைபெறும் முறையை நம் தங்கையர் தெளிவாக அறிதல் வேண்டும். பெரிய இதழ்கள் பெரும்பாலும் அச்சுச் செலவைவிடக் குறைந்த விலைக்கே விற்கப்படுகின்றன. குறைவது விளம்பரத்தால் ஈடு செய்யப்படும். ஆகவே அங்கு விற்கப்படும் பொருள் இதழ் மட்டுமன்று. வாசகியின் கவனமும் விற்கப்படுகிறது. நகரங்களில் மகளிர் விழாக்கள் நடைபெறுகின்றன அல்லவா? கோலப்போட்டி, சமையற்போட்டி, பரிசுக் குலுக்கல் எல்லாம் உண்டு. நுழைவுக் கட்டணம் சிறிது. சில இடங்களில் அதுவும் இல்லை. செலவைத் தருபவர் மண்டபத்தைச் சுற்றிக் கடை விரித்திருக்கும் நகைக்கடைக்காரரும், சமையல் எண்ணெய் நிறுவனத்தாரும், புடவைக்கடைக்காரரும் ஆவர். இதிலே குற்றம் ஒன்றுமில்லை. வணிகம் அப்படித்தான் நடக்கும். ஆனால் நகை விற்பவர் யாரைத் தேடி விழாவுக்குப் பணம் தருகிறார்? நகை வாங்கும் பெண்ணைத் தேடி. விடியலில் எழுந்து கரும்புக் கொல்லைக்குச் சென்று, பொழுது சாய்ந்து திரும்பும் நம் தாயை அவர் தேடவில்லை. அவர் தேடாதவளைப் பற்றி அந்த இதழும் எழுதாது. யாருடைய தீய எண்ணமும் இதற்குத் தேவையில்லை. கணக்கே அவளை விலக்கிவிடுகிறது.

எழுதாமல் விடுபட்டால் என்ன இழப்பு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. மீனவர் இழப்பு மிகப் பெரிது. அதனை உலகமே கண்டது. ஆனால் அக்கரையிலே மீன் சுமந்தவர், உப்பளத்தில் கூலி செய்தவர், உவர்நீர் புகுந்த வயல்களில் நடவு நட்டவர் எனத் தலித் குடும்பங்கள் பல இருந்தன. படகும் வலையும் இழந்தோர் பட்டியலில் அவர்கள் இல்லை, இழந்தது வேலையை. ஆகவே நிவாரணத்தில் பல இடங்களில் விடுபட்டனர். மனித உரிமை அமைப்புகள் பின்னர் எழுதிய அறிக்கைகளில் இது பதிவாகியிருக்கிறது. பின்னர் என்பதைக் கவனியுங்கள். பட்டியல் எழுதப்படும் வாரத்திலே செய்தி வெளிவந்திருந்தால் அது சோறு. ஓராண்டு கழித்து வெளிவந்தால் அது வரலாறு. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நம் மாவட்டத்தையே புரட்டிப்போட்ட நாட்களிலும் எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்று தெரியாமல் அலைந்தவர்களுள் மிகுதியானோர் பெண்களே.

பெரிய செய்தி நிறுவனங்கள் இக்குறையைத் தீர்த்துவைக்கும் என்று காத்திருப்பதற்கும் இடமில்லை. 2019-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. ஆராயப்பட்ட செய்தி நிறுவனங்களில் தலைமைப் பொறுப்புகள் 121. அவற்றுள் 106 உயர்சாதியினரிடம் இருந்தன. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை.

சரி, நம்மைப் போன்ற பெண்கள் எங்கேனும் இதைச் செய்து காட்டியிருக்கின்றனரா? காட்டியிருக்கின்றனர். இரண்டு இடங்களைப் பற்றிச் சொல்கிறேன். முதலாவதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

தெலுங்கானாவில் சஹீராபாத் நகரை அடுத்துப் பஸ்தாபூர் என்னும் சிற்றூர் உள்ளது. செம்மண் மேட்டுநிலம், மழையை நம்பிய வேளாண்மை, சோளமும் தினையும் துவரையும் விளையும் பூமி. 1983 முதல் அங்கு டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்னும் அமைப்பு பணியாற்றி வருகிறது. ஊர்தோறும் பெண்களின் சங்கம். உறுப்பினருள் பெரும்பாலோர் நிலம் மிகக் குறைந்த தலித் பெண்கள். தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்திப் பயிரிட்டு, தம் தானியத்தைத் தாமே சேமித்துத் தம் ஊருக்குப் பங்கிட்ட பெண்கள் அவர்கள். 1990-களின் இறுதியில் அவர்களுள் சிலருக்குப் படக்கருவியைக் கையாளும் பயிற்சி அளிக்கப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதோர் அவர்களில் பலர்.

அப்பெண்கள் படமெடுக்கும் கோணங்களுக்குத் தாங்களே பெயர் வைத்தனர். படக்கருவியை உயரத்தில் வைத்து ஒருவரைக் கீழ்நோக்கிப் படமெடுத்தால் அது "பட்டேல் ஷாட்". பட்டேல் என்பவர் அவ்வூர் நிலக்கிழார். மாடியிலோ கட்டிலிலோ அமர்ந்து கீழே நிற்பவரைப் பார்ப்பது அவர் பார்வை. தரையிலிருந்து மேல்நோக்கிப் படமெடுத்தால் அது பண்ணையடிமையின் பார்வை. கண்ணுக்கு நேர் கண்ணாக வைத்து எடுத்தால் அது "சங்கம் ஷாட்". ஏனெனில் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் ஒரே தரையில் வட்டமாக அமர்வர். திரைப்படக் கல்லூரிகளில் ஆண்டுக்கணக்காகக் கற்பிக்கும் பாடத்தை இந்தத் தாய்மார் தம் வாழ்விலிருந்து மூன்று சொற்களில் வகுத்துவிட்டனர். நம்மூரிலே எடுக்கப்படும் படங்களை இவ்வளவுகோலால் நீங்களே அளந்து பாருங்கள். நிவாரணம் வழங்கும் படம் நாளேட்டில் வருகிறதே, அதில் கொடுப்பவர் எங்கே நிற்கிறார், வாங்கும் தாய் எங்கே நிற்கிறாள்?

2001-இல் அப்பெண்கள் சமூக ஊடக அறக்கட்டளை ஒன்றை அமைத்துக்கொண்டனர். 2002-இல் மரபணு மாற்றப்பட்ட பருத்திக்கு இந்திய அரசு இசைவளித்தது. இவர்கள் படக்கருவியுடன் வாரங்கல் பகுதிக்குச் சென்று, பருத்தி பயிரிட்ட உழவர்களை விதைப்பு முதல் அறுவடை வரை தொடர்ந்து சந்தித்து, அவர் சொன்னதையெல்லாம் படமாக்கினர். உழவர் எதற்காகச் சினம் கொண்டனர் என்பதைச் சொல்லும் அந்தப் படம் பல நாடுகளில் திரையிடப்பட்டது. களையெடுக்கும் பெண்ணுக்கே பயிரின் நோய் தெரியும் என்பதால் அவள் கேட்ட கேள்விகள் வேறு வகையாக இருந்தன என்று நான் கருதுகிறேன்.

அடுத்து வானொலி. வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புரைத்தது. பஸ்தாபூர்ப் பெண்கள் அதனை நம்பி, யுனெஸ்கோ அமைப்பின் உதவியுடன் ஒலிப்பதிவு நிலையத்தை அமைத்துவிட்டு உரிமத்துக்குக் காத்திருந்தனர். ஏறத்தாழப் பத்தாண்டு காத்திருந்தனர். காத்திருந்த காலத்தில் வாளாவிருந்தனர் அல்லர். பாட்டையும் பேச்சையும் வைத்தியக் குறிப்பையும் ஒலிநாடாவில் பதிந்து, சங்கக் கூட்டங்களுக்கு எடுத்துச் சென்று போட்டுக் காட்டினர். 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் வழி திறந்தது. அதன்படி 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒரு நிலையம் எழுந்தது. 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் அரசு இசைவளித்தது. 2008 அக்டோபர் 15-ஆம் நாள் மாச்சனூர் என்னும் ஊரிலிருந்து "சங்கம் ரேடியோ" ஒலிக்கத் தொடங்கியது. நடத்தியவர்கள் ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்னும் இரு தலித் பெண்கள். ஒலிபரப்பு மாலை வேளையில். வேலை முடிந்து, உலை வைத்த பின் பெண் காதுகொடுக்கக்கூடிய நேரம் அதுதானே! பேச்சு, அவ்வூர்ப் பெண்கள் வீட்டில் பேசும் தெலுங்கு. ஏட்டுத் தெலுங்கு அன்று.

நிகழ்ச்சி நடத்தும் நிறுவனம் என்று தங்கையர் சொன்னார்களே, அதற்கும் அங்கே ஒரு முன்மாதிரி உண்டு. ஆண்டுதோறும் பொங்கல் நாளை ஒட்டி "பாத பண்டல ஜாதர" என்று ஒரு பயணம் புறப்படும். பழைய பயிர்களின் திருவிழா என்று பொருள். அலங்கரித்த மாட்டு வண்டிகளில் மட்பாண்டங்களிலும் கூடைகளிலும் விதைகளை நிரப்பிக்கொண்டு, ஏறத்தாழ ஒரு திங்கள் ஊர் ஊராகச் செல்வர். ஒவ்வோர் ஊரிலும் வரவேற்பு, பாட்டு, கொட்டு, பின்னர் விதையைப் பற்றியும் விலையைப் பற்றியும் விவாதம். திருவிழாவில் ஒதுக்கி நிறுத்தப்பட்டவர்கள் தாங்களே ஒரு திருவிழாவை உண்டாக்கி, ஊர்த் தெருவின் நடுவே வண்டி ஓட்டிச் செல்கின்றனர். அவ்வமைப்பின் பெண்களுக்கு 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு வழங்கப்பட்டது. பரிசைவிட அவ்வண்டியின் வழித்தடமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அங்கே குறை இல்லையா என்றால், உண்டு. அது முழுவதும் தொண்டு அமைப்பின் நிழலில் வளர்ந்தது. வெளி நிதி நின்றால் எவ்வளவு காலம் தாங்கும் என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது. இக்கேள்விக்கு விடை தேட முயன்றது இரண்டாவது இடம்.

உத்தரப் பிரதேசத்தில் புந்தேல்கண்டு வறட்சி மிகுந்த பகுதி. அங்கே சித்திரகூட மாவட்டத்தில் 2002-ஆம் ஆண்டு மே மாதம் "கபர் லஹரியா" என்னும் செய்தித்தாள் தோன்றியது. செய்தி அலைகள் என்பது பொருள். எழுதியவர், திருத்தியவர், விற்றவர் அனைவரும் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். முறையாகப் பள்ளி முடித்தவர் அதில் சிலரே. தொடக்கத்திலிருந்த கவிதா என்பவர் சிறுவயதில் மணம் முடிக்கப்பட்டு, பின்னர் எழுத்தறிவு முகாமிலே கற்றவர். தில்லியிலுள்ள நிரந்தர் என்னும் அமைப்பு பயிற்சியளித்துத் துணை நின்றது. செய்தி அச்சானது புந்தேலி மொழியில். விலை இரண்டு ரூபாய். செய்தி சேகரித்த பெண்ணே தாளைக் கட்டிக்கொண்டு பேருந்திலும் நடந்தும் சென்று தேநீர்க் கடையிலும் சந்தையிலும் விற்றாள். பெயரின் பின்னொட்டைக் கேட்டுச் சாதி அறிய முயல்வோரும், "பெண்ணுக்கு இங்கென்ன வேலை" என்போரும் வழியெங்கும் இருந்தனர். அவர்கள் எழுதியது எதைப் பற்றி? கைப்பம்பு பழுது, நூறுநாள் வேலைக் கூலி பாக்கி, மருத்துவர் வாராத மருத்துவமனை, பெண்கள் மீதான வன்கொடுமை, சட்டத்துக்குப் புறம்பான கல் குவாரி. 2004-இல் சிறந்த பெண் இதழாளருக்கான சமேலி தேவி ஜெயின் விருதும், 2009-இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசும் வந்தன.

கைபேசி சிற்றூர்களுக்கும் வந்தது. அவர்கள் 2013-இல் இணையத்துக்கு வந்து, சில ஆண்டுகளில் அச்சைக் கைவிட்டு, ஒளிப்படச் செய்திக்கு மாறினர். அந்நேரத்தில் செய்திப்பணிக்கு உறுதுணையாக வருவாய் ஈட்டும் "சம்பல் மீடியா" என்ற நிறுவனமும் தோன்றியது. செய்தி சேகரிக்கும் திறமையையே பிறருக்கு விற்பது அதன் வழி; படம் எடுத்துக் கொடுத்தல், பயிற்சி அளித்தல், சந்தா பெறுதல் ஆகியன. நன்கொடை என்றேனும் நிற்கும் என்று அவர்கள் முன்கூட்டியே எண்ணினர். இதுதான் நம் தங்கையர் படிக்க வேண்டிய பக்கம்.

வேறொரு நிகழ்ச்சியையும் நான் மறைக்க விரும்பவில்லை. இவர்களைப் பற்றி வேறு இருவர் எடுத்த "ரைட்டிங் வித் பயர்" என்னும் ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கர் விருதுக்கு முன்மொழியப்பட்டது. உலகமே பாராட்டியது. அந்நாட்களிலேயே கபர் லஹரியாப் பெண்கள் ஓர் அறிக்கை வெளியிட்டனர். படம் தங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டும் காட்டுகிறது. ஒரு கட்சியைப் பற்றிய செய்திகளே தங்கள் முழு வேலை என்பது போல் தோன்றுகிறது. தங்கள் கதை இதனினும் சிக்கலானது என்றனர். படம் எடுத்தவர்கள் பகைவர் அல்லர், அன்புடன் எடுத்தவர்களே. அப்படியிருந்தும் தம் கதையைத் தாமே சொல்லும் கருவி அப்பெண்களிடம் இருந்தமையால் மறுத்துரைக்க முடிந்தது. கருவி இல்லாதவர் பாராட்டைப் பெற்றுக்கொண்டு வாய்மூடி இருக்க வேண்டியதுதான்.

இனி நெல்லிக்குப்பத்துக்கு வருவோம். கெடிலத்தின் நீரும் கரும்பும் சேர்ந்து வளர்த்த ஊர் இது. 1842-இல் தோன்றிய சர்க்கரை ஆலையின் சங்கொலியால் நேரம் அறிந்த ஊர். இங்கே நிகழ்ச்சி நடத்தும் தொழில் நம்மவர்க்குப் புதிதா? கொட்டு முழக்கியவர் நாம். கூத்திலே வேடம் கட்டியவர், பந்தற்கால் நட்டவர், சுமை தூக்கியவர், விடியும் வரை விளக்குப் பிடித்தவர் நம் பாட்டன்மார். தொழில் முழுவதும் நம் கையில் இருந்தது. தொகை பேசி முன்பணம் வாங்கும் கை மட்டும் வேறொருவருடையதாக இருந்தது. நாம் பெற்றது கூலியும் சில நேரங்களில் பழந்துணியும். இன்றும் மண்டபத்துக்குப் பின்னே பாத்திரம் துலக்குபவர் யார், முன்னே நின்று ஒப்பந்தம் எழுதுபவர் யார் என்று பாருங்கள். ஆகவே தங்கையர் தொடங்க எண்ணும் நிறுவனத்தில் புதிய செயல் விழா நடத்துவதன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதே புதிய செயல்.

வருவாயைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். பத்து மகளிர் குழுக்கள், குழுவுக்குப் பதினைந்து பேர், ஆளுக்கு மாதம் 20 ரூபாய் சந்தா என்று வைத்துக்கொண்டால் மாதம் 3,000 ரூபாய். ஒரு பெண்ணுக்கு முழு ஊதியம்கூட வராது. செய்தியால் மட்டும் பிழைக்க முடியாது. நிகழ்ச்சிதான் செய்தியைச் சுமக்க வேண்டும். நம் பகுதியில் வளைகாப்பு, திருமணம், பள்ளி ஆண்டுவிழா, குழுக்களின் கூட்டமைப்பு மாநாடு என ஓயாது நிகழ்ச்சிகள் நடக்கின்றன. பெண் வீட்டார் பலரும் உள்ளறையில் படமெடுக்கப் பெண்ணே வர வேண்டும் என்று விரும்புகின்றனர். அத்தகையோர் கிடைப்பது அரிது. மஞ்சள் நீராட்டு விழாக்களும் தேடி வரும். வயதுக்கு வந்த சிறுமியைப் பதாகையில் அச்சிட்டுத் தெருமுனையில் நிறுத்தும் வழக்கத்தை நான் வெறுப்பவள். அந்த வேலையை ஏற்பதா மறுப்பதா என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்து எழுதி வையுங்கள். பணமுடை வந்த பிறகு முடிவு செய்ய உட்கார்ந்தால் மனம் வேறு விதமாகப் பேசும்.

விளம்பரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகளிர் சந்தை ஒன்று நடத்தினால் கடைக்கு வாடகை வாங்கலாம். முறுக்கும் ஊறுகாயும் செய்யும் நம் குழுப் பெண்களுக்கு ஒரு கட்டணம், வெளியூர் நிறுவனத்துக்கு வேறொரு கட்டணம் என்று வகுக்கலாம். ஆனால் தனிவட்டிக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்று, "விழாச் செலவு முழுவதையும் ஏற்கிறோம்" என்று வரும். நிச்சயமாக வரும், ஏனெனில் பெண்கள் கூடும் இடத்தை அவர்கள் நன்கறிவர். வாரத் தவணை கட்ட முடியாமல் தாலியை அடகு வைத்த பெண்ணின் செய்தியை அடுத்த இதழில் உங்களால் எழுத முடியுமா? முடியாது என்றால் அப்பணம் வேண்டா.

அமைப்பு முறையைச் சொல்கிறேன். இதனை இளைஞர் குறித்துக்கொள்ளலாம். சமூக வானொலி உரிமம் இலாபம் கருதும் நிறுவனத்துக்குக் கிடைக்காது. கல்வி நிலையங்களும், பதிவு பெற்றுக் குறைந்தது மூன்றாண்டு பணியாற்றிய தொண்டு அமைப்புகளும் கேட்கலாம். இக்கழகத்துக்கோ வயது இருபத்தைந்து! 2024-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட நெறிமுறைகளின்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் ஒலிபரப்பலாம். நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். தற்சார்பாக அரசியல் செய்தி ஒலிபரப்ப இசைவில்லை; அகில இந்திய வானொலியின் செய்தியை அஞ்சல் செய்யலாம். ஒலி சுமார் பத்து, பதினைந்து கிலோமீட்டர் செல்லும். எனவே வானொலியைக் கழகம் ஏற்கட்டும். நிகழ்ச்சியும் படமும் கைபேசிச் செய்தியும் பெண்களின் நிறுவனத்திடம் இருக்கட்டும். அச்சிதழ் வேண்டுமானால் 2023-ஆம் ஆண்டின் பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். 1867-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 2024 மார்ச்சு முதல் நீங்கிவிட்டது.

முதலீட்டுக்கு, தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் உள்ளது. கருவி முதலிய மூலதனச் செலவில் 35 விழுக்காடு மானியமும், கடன் வட்டியில் 6 விழுக்காடு மானியமும் உண்டு. தங்கையர் பெயரில் கடன் பெற்று அண்ணன்மார் நடத்தும் நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். தம்பிமார்கள் சினம் கொள்ள வேண்டா. கையெழுத்து ஒருத்தியுடையதாகவும் காசோலைப் புத்தகம் வேறொருவர் சட்டைப் பையிலும் இருக்குமானால், அந்நிறுவனத்துக்கும் பழைய ஒப்பந்தக்காரருக்கும் வேறுபாடு என்ன? பணி செய்யும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பங்கு இருக்கட்டும். எவருடைய பங்கும் மற்றவரை மிஞ்சாத வகையில் உச்சவரம்பு வையுங்கள். திருமணமாகி வெளியூர் செல்பவளின் பங்கை என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதுங்கள். நம் பெண்கள் தொடங்கிய பல செயல்கள் நின்றுபோனது அந்த இடத்தில்தான். வேலை செய்யத் தெரியாமையால் நின்றவை சிலவே.

பெற்றோர் அஞ்சுவது ஊதியத்தைக் குறித்து மட்டுமன்று. கருவியுடன் ஊருக்குள் போகும் பெண்ணுக்கு என்ன நேரும் என்று அஞ்சுகின்றனர். அச்சம் பொய்யன்று. கபர் லஹரியாப் பெண்களை ஒருவன் மாதக்கணக்கில் தொலைபேசியில் தொல்லைப்படுத்தினான். காவல்துறை அசையவில்லை. 2015-இல் அவர்கள் அதையே செய்தியாக்கி வெளியிட்ட பின்னரே அவன் பிடிபட்டான். ஆகவே தனியே எவளும் செல்லலாகாது; இருவராகச் செல்லுங்கள். செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் அலுவலகப் பதிவேட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். மாலை திரும்பாவிடில் தேடிப் போவது யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பை இக்கழகத்து இளைஞர் அணி ஏற்குமானால் அதுவே பெரிய துணை. அலுவலகத்தில் அமர்ந்து நிர்வாகம் செய்ய வர வேண்டிய தேவையில்லை.

முதல் செய்தி எதுவாக இருக்கலாம் என்று கேட்பீர்கள். 2004-ஆம் ஆண்டு முதல் கடலூர் சிப்காட் பகுதி ஊரார் ஒரு வேலை செய்தனர். தொழிற்சாலைகளிலிருந்து நாற்றம் வந்தால், எந்த நாள், எந்த மணி, எதைப் போன்ற நாற்றம் என்று குறித்துவைத்தனர். அவர்களிடம் அப்போது இதழுமில்லை, வானொலியுமில்லை; குறிப்பேடு மட்டும் இருந்தது. காற்றின் மாதிரியும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பினர். அக்குறிப்புகள் ஆட்சியாளர் மறுக்க இயலாத சான்றாயின. அதுபோல் நம் தெருக்களில் குடிநீர் வரும் நாளையும் மணியையும், நியாயவிலைக் கடை திறந்திருந்த நாட்களையும், கரும்பு வெட்டில் ஆணுக்குத் தந்த கூலியையும் பெண்ணுக்குத் தந்த கூலியையும் மூன்று மாதம் குறித்து வாருங்கள். அதனை அச்சிட்டு, தெருக்கூட்டம் ஒன்றில் பெண்களை வட்டமாக உட்காரவைத்துப் படித்துக் காட்டுங்கள். செய்தியும் நிகழ்ச்சியும் அங்கே ஒன்றாகிவிடும். அன்று எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் இருபது ரூபாய் தந்தனர் என்று எண்ணிப் பார்த்த பிறகு வங்கிக்குச் செல்வது பற்றிப் பேசலாம்.

கழகச் செயலாளர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். படிப்பகத்தின் மேல்மாடி அறை பூட்டியே கிடக்கிறது. அதன் சாவியை ஓராண்டுக்குப் பெண்களிடம் கொடுங்கள். வாடகை வாங்குங்கள், இலவசமாகக் கொடுக்க வேண்டா. தொகை சிறிதாக இருக்கலாம், இரசீது பெண்களின் பெயரில் இருக்க வேண்டும். வானொலி விண்ணப்பத்துக்குத் தேவையான பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு ஆகியவற்றை அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு முன் எடுத்து வைக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன்.